பழைய எல்சிடி மானிட்டர் இரண்டு நொடியில் இருண்டு போகிறது, பின்பக்கத்தைத் திறக்கலாமா?

கடைக்கணக்கு எழுதியது:

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறோம். தோட்டத்து ஆட்களின் பற்று வரவு, சரக்கு இறங்கிய கணக்கு எல்லாம் ஒரு பழைய கணினியில் இருக்கிறது. அதன் மானிட்டர் 17 அங்குலம், அந்தக் காலத்துச் சதுர எல்சிடி, பின்னால் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 2006 என்று போட்டிருக்கிறது. கொஞ்ச நாளாக அதற்கு ஒரு நோய். சுவிட்சைத் தட்டினால் படம் பளிச்சென்று வருகிறது, ஒன்று இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் திரை கறுத்துவிடுகிறது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அணைத்துப் போட்டால் மறுபடி அதே இரண்டு நொடி. விடாமல் அணைத்து அணைத்துப் போட்டால் சில நாள் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை ஓடும், சில நாள் என்ன செய்தாலும் ஓடாது.

பட்டணத்தில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை, இதெல்லாம் இனி யாரும் செய்ய மாட்டார்கள், புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாங்கலாம்தான், ஆனால் கணினியும் பழசு, பின்னால் மானிட்டர் கேபிள் செருகும் நீல நிற விஜிஏ துளை மட்டும்தான் இருக்கிறது, புது மானிட்டரில் அது பொருந்துமா என்று தெரியவில்லை.

என் மாமா முன்பு தோட்டத்துப் பட்டறையில் இருந்தவர், லோரி இஞ்சின் எல்லாம் பிரித்துப் போட்டுப் பூட்டுவார். அவர் சொல்கிறார், பின்பக்கத்தைத் திற, உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய கப்பாசிட்டர் இருக்கும், அதன் இரண்டு காலையும் சேர்த்துத் திருப்புளியால் ஒரு தொடு தொட்டால் கரண்ட் இறங்கிவிடும், அப்புறம் தைரியமாகக் கை வைக்கலாம் என்று. அவர் வீட்டுப் பின்கட்டில் பெரிய குழாய் வைத்த பழைய மானிட்டர், 15 அங்குலம், ஒன்று கிடக்கிறது. அதையும் பிரித்து சாமான் எடுத்துக்கொள்ளலாமாம். எனக்குக் கேட்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

திறக்காமல் என்னவெல்லாம் பார்க்கலாம்? திறந்துதான் ஆக வேண்டும் என்றால் எது வரைக்கும் போகலாம்? என் தம்பி ஈப்போவில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான், வார இறுதியில் வீட்டுக்கு வருவான், ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரியும்.

நிபோங்தெபால் எழுதியது:

அக்கா, திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் ஒரு டார்ச் லைட்டை எடுங்கள். கைப்பேசி விளக்கே போதும். மானிட்டரைப் போட்டு, திரை கறுத்த பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் வைத்து சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக, ஏதோ தண்ணீருக்கு அடியில் கிடக்கும் எழுத்து மாதிரி, உங்கள் கணினியின் படம் தெரிகிறதா? தெரிந்தால் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற விளக்குதான் அணைந்துவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் கதை வேறு.

இன்னொன்று, கணினியிலிருந்து வரும் விஜிஏ கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் தனியாகப் போடுங்கள். சிக்னல் இல்லை என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அந்தக் கட்டமும் இரண்டு நொடியில் மறைந்து கறுத்தால் கணினி மேல் குற்றம் இல்லை. (சில மானிட்டர் சிக்னல் இல்லாவிட்டால் தானே தூங்கப் போகும், ஆனால் அப்போது பச்சை விளக்கு மஞ்சளாக மாறும் அல்லது மினுக்கும், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அப்புறம் கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கணக்கு இருப்பது மானிட்டரில் இல்லை, கணினியில். 2006 காலத்து மானிட்டர் போகிறது என்றால் அதோடு வாங்கிய ஹார்டு டிஸ்க்குக்கும் அதே வயசுதான். மானிட்டர் ஓடுகிற ஒரு நாளில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். இது மானிட்டரை விட அவசரம்.

ஒயர்மேன்_தைப்பிங் எழுதியது:

தங்கச்சி, மாமா சொன்னதைச் செய்யாதீர்கள். மாமாவைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், ஆனாலும் அது தப்பான வேலை.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மானிட்டருக்குள் போனதும் அது நேர்மின்சாரமாக மாறி அந்தப் பெரிய கப்பாசிட்டரில் தேங்கும்போது 325 வோல்ட் அளவுக்கு ஏறிவிடும். அதைத் திருப்புளியால் தொட்டால் பட்டென்று வெடிச் சத்தம், முனை உருகும், போர்டில் இருக்கும் செம்புத் தடம் கிழியும், உருகின துளி கண்ணில் பறக்கும். கை நழுவிப் பக்கத்து இடத்தைத் தொட்டால் இன்னும் மோசம், நல்லா இருந்த சாமானும் போகும். அதை இறக்குவதற்கு நாகரிகமான வழி இருக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் யாராவது சொல்வார்கள்.

நான் வீட்டு ஒயரிங்தான் செய்கிறேன், அதனால் சுவர் பக்கத்து விஷயத்தைச் சொல்கிறேன். பழைய தோட்ட வீடுகளிலும் கடைவீடுகளிலும் நான் பார்க்கிற கூத்து ஒன்று, இரண்டு கால் பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் செருக மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறப்பது. மானிட்டருக்கு அப்படிச் செய்யவே கூடாது, அது மண்ணோடு சேர வேண்டிய சாதனம், உள்ளே இருக்கிற உலோகத் தகடு அந்த மூன்றாவது கால் வழியாகத்தான் பாதுகாப்பாக இருக்கிறது. மானிட்டர் ஒயரில் மூன்று கால் பிளக் இருக்கட்டும், சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கும். 17 அங்குல எல்சிடி ஓடினால் 40 வாட் பக்கம்தான் இழுக்கும், 3 அல்லது 5 ஆம்பியர் பியூஸ் தாராளம். பியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றி வைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன சொல்வது.

மின்சாரம் வருகிறதா என்பதைச் சோதிக்க அதே ஒயரை வேறு கணினியில் போட்டுப் பார்த்தால் போதும், கணினிக்கும் மானிட்டருக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி ஒயர்தான். உங்களுக்குப் பச்சை விளக்கு எரிவதால் அங்கே கோளாறு இல்லை. கடையில் ஐஸ்பெட்டி, மின்விசிறி, கணினி எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷனில் தொங்கினால் அதை மட்டும் பிரித்துப் போடுங்கள்.

வீட்டில் இஎல்சிபி (மின்கசிவு கண்டால் தானே விழுகிற சுவிட்ச்) இருக்கிறது, ஷாக் அடித்தால் அது காப்பாற்றும் என்று நம்பி உள்ளே கை வைக்காதீர்கள். 30 மில்லிஆம்பியர் கசிவு மண்ணுக்குப் போனால்தான் அது விழும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு கப்பாசிட்டரில் மிச்சம் இருக்கிற மின்சாரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

குழாய் மானிட்டரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அதைத் திறக்கவே வேண்டாம். அந்தக் குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், குழாயே ஒரு பெரிய கப்பாசிட்டராக நின்று மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஒரு முறை இறக்கினாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி கொஞ்சம் ஏறி நிற்கும். உள்ளே வெற்றிடம் வேறு, கழுத்துப் பக்கம் கண்ணாடி மெலிசு, தட்டினால் உள்பக்கமாக நொறுங்கிச் சில்லு பறக்கும். அதிலிருந்து எடுக்கிற சாமான் எதுவும் உங்கள் எல்சிடிக்கு ஆகாது. ஆகாத சாமானுக்கு எதற்கு இந்த ஆபத்து?

கடைக்கணக்கு எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. பேனா விஷயத்தைப் படித்ததும் கடையில் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தேன், இருந்தது, எடுத்துவிட்டேன்.

டார்ச் அடித்துப் பார்த்தேன், தெரிகிறது! மங்கலாக, ஆனால் கணக்குப் பக்கம் அப்படியே நிற்கிறது, எலியை அசைத்தால் அம்பும் நகர்கிறது. கேபிளைக் கழற்றிப் போட்டாலும் அந்தச் சின்னக் கட்டம் இரண்டு நொடியில் மறைகிறது, பச்சை விளக்கு பச்சையாகவே இருக்கிறது. அப்போ வெளிச்சம் கொடுக்கும் விளக்குதானா? அதை மாற்ற முடியுமா?

பென்டிரைவில் நகல் எடுத்தாயிற்று.

பிறை_பழைய_ஆள் எழுதியது:

அக்கா, நான் பினாங்குப் பக்கம் தொழிற்சாலையில் பவர் சப்ளை பிரிவில் பல வருஷம் இருந்தவன். நீங்கள் எழுதின அறிகுறியை வைத்தே பாதி சொல்லிவிடலாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 மானிட்டரில் இன்றைய எல்இடி விளக்கு கிடையாது. பென்சிலை விட மெலிசான கண்ணாடிக் குழல் விளக்குகள் திரையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இருக்கும், 17 அங்குலத்தில் பெரும்பாலும் நான்கு. அவற்றை எரிய வைக்க இன்வெர்ட்டர் என்று ஒரு பகுதி, பன்னிரண்டு வோல்ட் பக்கம் வாங்கி, பற்ற வைக்கும்போது ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் எரியும்போது சில நூறு வோல்ட்டும் கொடுக்கும். அந்த இன்வெர்ட்டருக்கு ஒரு காவல் உண்டு. ஒரு குழல் எரியவில்லை, அல்லது தனக்கு வருகிற மின்சாரம் தள்ளாடுகிறது என்று தெரிந்தால் ஒன்றிரண்டு நொடியில் எல்லா விளக்கையும் சேர்த்து அணைத்துவிடும். உங்கள் இரண்டு நொடி அதுதான். கோளாறாகிக் கறுக்கவில்லை, காவல் வேலை செய்வதால் கறுக்கிறது.

இப்போது குழல் போயிற்றா, மின்சாரம் தள்ளாடுகிறதா? நீங்களே பதிலை எழுதியிருக்கிறீர்கள், பல முறை அணைத்துப் போட்டால் பிடித்துக்கொள்கிறது என்று. குழல் செத்திருந்தால் பெரும்பாலும் அப்படிப் பிடிக்காது. காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்தான் சூடேறினால் கொஞ்சம் உயிர் வந்து வேலை செய்யும். 1999இலிருந்து 2007 வரை உலகம் முழுக்க மோசமான கப்பாசிட்டர்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன, அந்த வருஷங்களில் செய்த மதர்போர்டு, பவர் சப்ளை, மானிட்டர் எல்லாவற்றிலும் அவை தலை வீங்கிச் செத்தன. உங்களுடையது 2006. நான் பந்தயம் கட்டினால் பவர் போர்டில் வெளியீட்டுப் பக்கத்துக் கப்பாசிட்டர் இரண்டு மூன்று போயிருக்கிறது என்றுதான் கட்டுவேன்.

தம்பி வருகிற வரை, மெனுவில் போய் பிரகாசத்தைப் பாதிக்குக் கீழே குறைத்து வைத்துப் பாருங்கள், இன்வெர்ட்டருக்குச் சுமை குறைந்தால் சில சமயம் நிற்கும். அணைத்து அணைத்துப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் மிச்ச உயிரும் அதில்தான் போகிறது.

திறப்பதை தம்பியே செய்யட்டும், பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கட்டும், தனியாக வேண்டாம். சாயங்கால மழை இடி நேரத்தில் வேண்டாம், காலையில் வெளிச்சத்தில் செய்யட்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, மானிட்டர் பின்னாலிருந்தும் ஒயரைக் கழற்றி, கண்ணில் படுகிற இடத்தில் மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள். விஜிஏ கேபிளும் கழன்றிருக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் சும்மா விடட்டும். மோதிரம், கைச் செயின் எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த மானிட்டரைப் பிடுங்கினால் அதன் சொந்தச் சுற்றே மிச்ச மின்சாரத்தைக் குடித்துவிடும், ஆகவே பெரும்பாலும் சில நிமிஷத்தில் இறங்கிவிடும். செத்துப்போன, விளக்கே எரியாத மானிட்டர்தான் ஆபத்து. குடிக்க யாரும் இல்லாததால் அந்த 325 வோல்ட் நெடுநேரம் அப்படியே நிற்கும். ஒன்றும் வேலை செய்யவில்லையே, இதில் என்ன கரண்ட் இருக்கப்போகிறது என்று நினைக்கிறவன்தான் வாங்கிக் கட்டிக்கொள்வான். உங்களுடையது பச்சை விளக்கு எரிகிற ரகம், அது கொஞ்சம் நல்லது, ஆனாலும் அளந்து பார்க்காமல் தொடக் கூடாது.

மெத்தென்ற துணியை விரித்துத் திரை கீழே இருக்கிற மாதிரி படுக்க வைத்து, நிற்கிற காலைக் கழற்றினால் திருகுகள் தெரியும். அவற்றை எடுத்த பிறகும் சட்டம் விடாது, உள்ளே கொக்கிகள் பிடித்திருக்கும், திருப்புளியால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும், திரை விளிம்பும் போகும். பழைய வங்கி அட்டை ஒன்றை இடுக்கில் விட்டு ஒவ்வொரு கொக்கியாக விடுவிக்க வேண்டும். முன் சட்டத்துப் பொத்தான்களுக்குப் போகும் மெல்லிய ஒயர் ஒன்று இருக்கும், வெடுக்கென்று இழுத்துவிட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போகட்டும், திருப்பிப் பூட்டும்போது அந்தப் படங்கள்தான் துணை.

உலோகத் தகட்டைத் தூக்கினால் இரண்டு போர்டு தெரியும். பவர் ஒயர் வந்து சேருகிற போர்டுதான் நமக்கு வேண்டியது. அதிலிருந்து திரை விளிம்புக்கு ரோசாப்பூ நிறத்திலும் வெள்ளையிலும் (சிலவற்றில் நீலம்) இரட்டை ஒயர் போகும், அவை குழல் விளக்குக்கானவை, ஒயரைப் பிடித்து இழுக்காமல் இணைப்பானைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.

போர்டில் பெரிய உருளை ஒன்று தனியாக நிற்கும், மாமா சொன்ன பெரிய கப்பாசிட்டர் அதுதான், மேலே 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதன் கால்களை மல்டிமீட்டரில் நேர்மின்சார 600 வோல்ட் அளவில் வைத்து அளக்க வேண்டும். ஒரு கை பையில், ஒரு கையால் வேலை, இது எங்கள் சூப்பர்வைசர் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தது. கறுப்பு முனையை முதலைக் கிளிப் போட்டு மாட்டிவிட்டால் ஒரு கை போதும். 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை, கால்களுக்கு இன்சுலேஷன் போட்ட ஒயர் வைத்து, அந்த இரண்டு காலுக்கும் குறுக்கே பத்து நொடி பிடித்து, மறுபடி அளக்க வேண்டும். தீப்பொறி வராது, சத்தம் வராது, மெதுவாக இறங்கிவிடும். ஒயர்மேன் அண்ணன் சொன்ன நாகரிகமான வழி இதுதான்.

அந்தப் பெரிய உருளை பொதுவாகக் கெடாது. வீங்கினதைத் தேட வேண்டியது எதிர்ப்பக்கத்தில், 10, 16, 25 வோல்ட் எழுதியிருக்கும் சின்னவற்றில். தலை தட்டையாக இல்லாமல் புடைத்திருக்கும், அல்லது மேலே பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கும், சில சமயம் அடிப்பக்கம் கசிந்து சாய்ந்து நிற்கும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே எண், வோல்ட் அதே அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை, குறைந்த இஎஸ்ஆர் (உள்தடை) என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வோல்ட் ரொம்ப ஏற்றினால் உயரம் கூடி மேல் தகட்டில் இடிக்கும், இடிக்காமல் பார்க்க வேண்டும். கோடு போட்ட பக்கம் எதிர்முனை, மாற்றிப் போட்டால் வெடிக்கும். ஒன்று வீங்கியிருந்தால் அந்த வரிசையில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், எல்லாம் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. மொத்தமும் சில வெள்ளிதான் (ரிங்கிட்) ஆகும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கேட்டால் எல்லா ரகமும் கிடைக்கும், ஆனால் இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஈப்போவிலேயே உதிரிபாகக் கடை இருக்கும். இணையத்தில் ரொம்ப மலிவாக மூட்டையாக விற்பதை வாங்காதீர்கள், போலி அதிகம்.

இதற்கு மேல் போக வேண்டாம் என்று நான் சொல்கிற இடங்கள்: மூடாமல் பிளக்கைப் போட்டு உள்ளே அளந்து பார்ப்பது, இன்வெர்ட்டர் பக்கம் ஓடும்போது விரல் கொண்டுபோவது, போர்டில் இருக்கிற பியூஸ் போயிருந்தால் பெரிய பியூஸ் மாற்றிப் போடுவது. பியூஸ் போயிருந்தால் வேறு ஏதோ ஷார்ட் ஆகித்தான் போயிருக்கும். அப்புறம் திரையைப் பிரித்துக் குழலை வெளியே எடுப்பது. அந்தக் குழலில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. தற்செயலாக உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும், பிறகு வெறுங்கையால் தொடாமல் ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும், விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, வேக்யூமும் போடக் கூடாது.

எறும்புக் கூடும் பல்லி முட்டையும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மளிகைக்கடை என்றால் சர்க்கரைக்கு வந்ததெல்லாம் வெதுவெதுப்பான இடம் தேடிப் பவர் போர்டில்தான் குடும்பம் நடத்தும். காய்ந்த பழைய பல் தேய்க்கும் பிரஷால் தட்டினால் போதும், பூச்சி மருந்தை உள்ளே அடிக்க வேண்டாம்.

சும்மா_ஒரு_கருத்து எழுதியது:

எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் யாராவது கணக்குப் போட்டீர்களா? பயன்படுத்திய 19 அங்குல மானிட்டர் நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது, அலுவலகங்கள் மாற்றும்போது குவியலாக வருகிறது. மல்டிமீட்டர் வாங்கி, ரெசிஸ்டர் வாங்கி, படிக்கிற பையனின் வார இறுதியை வாங்கி இந்தப் பெட்டிக்கு உயிர் கொடுத்தால் எத்தனை நாளைக்கு? விளக்குக் குழலுக்கும் வயசாகிவிட்டது. கடையில் இருக்கிறவர்கள் நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்தக் கடைக்காரன் திறக்காமல் சொன்னது மரியாதை இல்லைதான், ஆனால் பதில் தப்பில்லை.

விஜிஏ பொருந்துமா என்ற பயம் வேண்டாம். பழைய அலுவலக மானிட்டர்களில் விஜிஏ இருக்கும். எச்டிஎம்ஐ என்ற புது வகைத் துளை மட்டும் உள்ள மானிட்டர் வாங்கினால் இடையில் ஒரு மாற்றி வேண்டும். விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுகிறதா, எதிர்த்திசையா என்று பெட்டியில் படித்து வாங்குங்கள், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் வாங்குகிற மாற்றியாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் இரண்டு வகை தலை வைத்த வெறும் கேபிள் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகத் தொங்கும், அது இந்த வேலைக்கு ஆகாது.

பிறை_பழைய_ஆள் எழுதியது:

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. தம்பி எலக்ட்ரானிக்ஸ் படிக்காமல் இருந்திருந்தால் நானும் புதுசு வாங்குங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். மீட்டரும் ஈயமும் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்றால் செலவு நாலைந்து கப்பாசிட்டர் மட்டும்தான். இல்லை என்றால் உங்கள் பக்கம்தான் நான்.

கடைக்கணக்கு எழுதியது:

தம்பி வந்தான், பார்த்தான், சரியாகிவிட்டது!

நீங்கள் எழுதினதை அச்செடுத்து அவனிடம் கொடுத்தேன். முதலில் எனக்குத் தெரியும் என்று முறைத்தான், அப்புறம் வாங்கிப் படித்தான். மீட்டர் அவனிடமே இருந்தது, கல்லூரியில் வாங்கச் சொன்னதாம். பெரிய உருளையை அளந்தபோது ஒற்றை இலக்கம்தான் காட்டியது, இருந்தாலும் ரெசிஸ்டரைப் பிடித்து இறக்கிவிட்டுத்தான் கை வைத்தான். எறும்புக் கூடு இருந்தது, பல்லி இல்லை. சின்னவற்றில் இரண்டு நன்றாகத் தலை வீங்கியிருந்தது, 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட். பக்கத்தில் ஒன்று அடியில் கசிந்திருந்தது, அது மேலே பார்க்க நல்லா இருந்ததால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். நீங்கள் சொன்ன மாதிரி வரிசை முழுக்க மாற்றிவிட்டான். 25 வோல்ட் போட்டதில் ஒன்று தகட்டில் இடிக்கப் பார்த்தது, கொஞ்சம் சாய்த்து வைத்தான். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ரெசிஸ்டர் வழியைப் பார்த்ததும், இது நல்லா இருக்கே, எங்கள் காலத்தில் யார் சொன்னார்கள் என்றார்.

மூடிப் பூட்டிய பிறகுதான் பிளக்கைப் போட்டோம். எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நாளாக முழு நேரமும் ஓடுகிறது.

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. போட்டதும் முதல் சில நிமிஷம் திரையின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. அது என்ன? அப்புறம், மாமா வீட்டுக் குழாய் மானிட்டர் இனி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதை எங்கே போடுவது? பழைய பேப்பர் லோரிக்காரன் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான்.

பிறை_பழைய_ஆள் எழுதியது:

தம்பிக்குக் கை கொடுத்தேன் என்று சொல்லுங்கள். அடியில் கசிந்ததைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம், தொழிற்சாலையிலேயே அதை விட்டுவிடுவார்கள்.

கீழே சிவப்பு தெரிவது குழல் விளக்கின் வயசு. தேய்ந்த குழல் சூடேறும் வரை அப்படித்தான் எரியும். நாளாக நாளாக அந்தச் சிவப்பு நீண்ட நேரம் நிற்கும், ஒரு நாள் மறுபடி இரண்டு நொடிக் கதை வரும். அப்போது திறக்க வேண்டாம், நம் நண்பர் சொன்ன நூறு வெள்ளி மானிட்டரை வாங்கிவிடுங்கள். அதுவரை பிரகாசத்தை முழுக்க ஏற்றாமல் வைத்திருந்தால் குழல் கொஞ்சம் கூட நாள் வரும். இரவில் கடை சாத்தும்போது பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், நம் நாட்டு இடிக்கு இதுவே ஒரு காப்பு.

நிபோங்தெபால் எழுதியது:

பேப்பர் லோரிக்குக் குழாய் மானிட்டரைக் கொடுக்க வேண்டாம் அக்கா. உள்ளே இருக்கும் செம்புச் சுருளுக்காகக் குழாயை எங்காவது செம்பனைக் காட்டோரம் உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. இந்த ரகக் கழிவுக்கு நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்று தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள், 2005ஆம் ஆண்டுச் சட்டவிதியில் வருகிறது, உரிமம் உள்ளவர்கள்தான் பிரித்து எடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் துறை வீட்டு மின்கழிவுக்கு அனுமதி கொடுத்த சேகரிப்பு இடங்கள் இருக்கின்றன. சுங்கை சிப்புட் குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ்தான் வருகிறது, அங்கே ஒரு தொலைபேசி போட்டு அருகில் எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

வண்டியில் ஏற்றும்போது இரண்டு பேர் தூக்குங்கள், கண்ணாடி முகம் உங்கள் நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும், கனமெல்லாம் முன்பக்கம்தான். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கழுத்து எதிலும் இடிக்காமல் போர்வையைச் சுற்றி முகம் கீழே இருக்கிற மாதிரி வைத்துவிடுங்கள். கழற்றிய பழைய கப்பாசிட்டர்களையும் ஒரு பையில் போட்டு அதோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.